பார்க்கவில்லை என்றொரு பெட்டி

எங்கள் ஊர்ப் பக்கம் கடன் தகராறோ வரப்புத் தகராறோ முற்றிப்போனால், போலீஸ் ஸ்டேஷன் பேச்சு எழுவதற்கு முன்னால் ஒரு கேள்வி வரும்: "காணிப்பாக்கம் வர்றியா?" சித்தூரிலிருந்து 12 கிலோமீட்டருக்குள்தான் கோயில். குளத்தில் முழுகி, ஈரத்துணியோடு வரசித்தி விநாயகர் முன்னால் நின்று, "நான் எடுக்கவில்லை" என்றோ "நான் கொடுத்துவிட்டேன்" என்றோ வாய்விட்டுச் சொல்ல வேண்டும். சத்தியப் பிரமாணம் என்று பெயர். அப்பா சித்தூர் வெல்ல மண்டியில் கணக்கு எழுதியவர். அவர் பார்த்த தகராறுகளில் பாதிக்கு மேல் குளக்கரை வரைக்கும் போனதே இல்லை என்பார். பஸ் ஏறும்போதே ஒருவன், "சரி விடு, பாதி என் மேல தப்பு" என்று காலைக் கீழே வைத்துவிடுவானாம்.

நான் முப்பது ஆண்டு கம்ப்யூட்டர் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். அதில் ஒரு காலம், ஒரு மருத்துவமனையில் காய்ச்சல் நோயாளிகளுக்கான மென்பொருள் ஒன்றைக் கட்டினேன். அந்த மருத்துவமனையின் ஊரும் பெயரும் இங்கே வேண்டாம். அங்கே நடந்த ஒரு சம்பவத்தில் ஐந்து பேர் சம்பந்தப்பட்டிருந்தோம். ஐந்து பேரையும் காணிப்பாக்கத்துக்கு அழைத்துப் போயிருந்தால், ஐந்து பேரும் முழுகி எழுந்து, ஒரு சொல்கூடப் பொய் இல்லாமல் "நான் செய்யவில்லை" என்று சொல்லியிருக்கலாம். ஆனாலும் ஒரு பெண் சாவின் வாசல் வரைக்கும் போய் வந்தாள். செய்தவர் யார் என்ற கேள்வி அன்றிலிருந்து என்னை விடவில்லை.

நாங்கள் கட்டியதற்கு டிசிஷன் சப்போர்ட் சிஸ்டம் என்று பெயர். முடிவெடுக்கத் துணை நிற்கும் அமைப்பு. 1971இல் எம்.ஐ.டி.யைச் சேர்ந்த காரி, ஸ்காட் மார்ட்டன் என்ற இருவர் எழுதிய கட்டுரையிலிருந்து இந்தப் பெயர் பரவியது. அவர்கள் நினைத்தது நிர்வாகிகளை; மருத்துவத்தில் இதற்கு மூத்தவற்றில் ஒன்று ஸ்டான்ஃபோர்டில் எட்வர்ட் ஷார்ட்லிஃப் 1970களில் கட்டிய 'மைசின்'. ரத்தத்தில் கிருமி பரவிய நோயாளிக்கு எந்த மருந்து, எவ்வளவு என்று அது சொல்லும். உள்ளே சுமார் 600 விதிகள். "இன்ன இன்ன இருந்தால், இன்ன கிருமியாக இருக்கலாம், இவ்வளவு நம்பலாம்" என்ற மாதிரி. அது ஒரு கேள்வி கேட்கும்போது, "ஏன் கேட்கிறாய்?" என்று மருத்துவர் திருப்பிக் கேட்கலாம், எந்த விதிக்காகக் கேட்கிறது என்று பதில் வரும். 1979இல் வெளியான ஒரு சோதனையில், மூளைக்காய்ச்சல் நோயாளிகள் 10 பேருக்கு அது சொன்ன மருந்தையும் ஸ்டான்ஃபோர்டு ஆசிரியர்கள் சொன்னதையும், எது யாருடையது என்று தெரிவிக்காமல், வெளி நிபுணர்கள் 8 பேரிடம் கொடுத்தார்கள். மைசினுக்கு 65 சதவீதம் ஒப்புதல். ஆசிரியர்களில் ஒருவர்கூட அதைத் தாண்டவில்லை. இருந்தும் நடைமுறையில் எந்த வார்டிலும் அது வேலை பார்க்கவில்லை.

இதைச் சொல்லக் காரணம் உண்டு. இயந்திரம் மட்டம், மனிதன் உயர்வு என்று நான் எழுத வரவில்லை. இரவு இரண்டு மணிக்கு நாற்பதாவது நோயாளியைப் பார்க்கும் டாக்டரைவிட, களைப்பே தெரியாத ஒரு பட்டியல் எத்தனையோ தடவை மேல்.

எங்கள் விதிகள் ஒரே மனுஷியிடமிருந்து வந்தவை. மூத்த மருத்துவர், எல்லோருக்கும் டாக்டரம்மா. ஏழு மாதம், ஓ.பி. முடிந்த பிறகு மாலை மாலையாக அவரோடு உட்கார்ந்தேன். "இது உண்ணிக் காய்ச்சல்னு எப்படித் தெரிஞ்சுது டாக்டரம்மா?" என்பேன். "பார்த்தா தெரியும்மா" என்பார். "எதைப் பார்த்தீங்க?" என்று மறுபடி கேட்பேன். கொஞ்ச நேரம் யோசிப்பார். அப்புறம்தான் ஒவ்வொன்றாக வரும். ஐந்து நாளுக்கு மேல் காய்ச்சல். மலையடிவார ஊர். ஆடு மாடு மேய்க்கிறவர், புல் அறுக்கிறவர். மழை விட்ட குளிர் மாதங்கள். கடைசியாக, உடம்பில் எங்காவது சிகரெட்டால் சுட்டது போல ஒரு கரும்புண். புதரில் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத பூச்சிக் குஞ்சு கடித்த இடம். வலிக்காது. அக்குளில், தொடை இடுக்கில், மார்புக்குக் கீழே ஒளிந்திருக்கும். கண்டுபிடித்துவிட்டால் டாக்ஸிசைக்ளின் என்ற விலை குறைந்த மாத்திரையே போதும். விட்டுவிட்டால் நுரையீரல், சிறுநீரகம் என்று ஒவ்வொன்றாகக் கவிழும். இந்தத் துறையில் இருப்பவர்கள் எல்லோரும் அறிந்த கஷ்டம் இதுதான்: நிரல் எழுதுவதல்ல, அறிந்தவர் தன் அறிவைத் தானே பார்க்கும்படி செய்வது. டாக்டரம்மாவின் கைக்குத் தெரிந்தது அவர் வாய்க்கு வர மாதங்கள் ஆயின.

விதிகள் 140ஐத் தாண்டியபோது அரகொண்டாவுக்குப் போய் வந்தோம். சித்தூர்க்காரர்களுக்கு அந்த ஊர் தெரியும். அர என்றால் தெலுங்கில் அரை, கொண்டா என்றால் மலை. அனுமார் சஞ்சீவி மலையைத் தூக்கிப் போகும்போது அதில் பாதி அங்கே விழுந்ததாம். அர்த்தகிரி ஆஞ்சநேயர் கோயில் சுனைத் தண்ணீரை நோய்க்கு மருந்தென்று குடத்தில் பிடித்துப் போவார்கள். அப்போலோ மருத்துவமனையைத் தொடங்கிய பிரதாப் ரெட்டி பிறந்த ஊரும் அதுவே. செயற்கைக்கோள் வழியே சென்னை டாக்டர்கள் கிராமத்து நோயாளியைப் பார்க்கும் ஏற்பாட்டை அந்தச் சின்ன ஊரில் கட்டி, 2000 மார்ச் 24 அன்று, ஐதராபாத் வந்திருந்த பில் கிளிண்டனைக் கொண்டு தொடங்கிவைத்தார்கள். அதே குழுமம் 2023இல் தன் மருத்துவர்களுக்கென்று முடிவுத்துணை மென்பொருளை வெளியிட்டபோது எனக்கு நினைவுக்கு வந்தது கிளிண்டன் அல்ல, அனுமார்.

வால்மீகியின் கதையை நினைத்துப் பாருங்கள். மூலிகை எது என்று அனுமாருக்கு அடையாளம் தெரியவில்லை. தெரியாததைத் தெரிந்ததாக நினைத்துக்கொண்டு ஏதோ ஒரு செடியைப் பிடுங்கி வரவில்லை அவர். சிகரத்தையே பெயர்த்துக்கொண்டு வந்தார். வைத்தியர் சுஷேணர் அதிலிருந்து மூலிகையைப் பறித்தார், கசக்கினார், லட்சுமணன் மூக்கில் வைத்தார். அன்று கோயில் படியில் உட்கார்ந்து டாக்டரம்மாவிடம் சொன்னேன்: "நம்ம சிஸ்டம் மலையைத் தூக்கிட்டு வரட்டும், நீங்க பறிங்க." அவர் சிரித்தார். நான் அன்று உறுதியாக நம்பினேன்.

சம்பவம் அதற்குப் பிறகு இரண்டாம் குளிர்காலத்தில். ஆடு மேய்க்கும் பெண், முப்பத்தைந்து வயதிருக்கும், ஆறு நாள் காய்ச்சலோடு வந்தாள். டெங்கு உச்சத்தில் இருந்த நேரம், வராந்தாவிலும் படுக்கை. பணியில் இருந்தது இளம் ஆண் டாக்டர். நர்ஸ் ரவிக்கையைத் தளர்த்தச் சொன்னாள். அந்தப் பெண் 'சிக்கு' என்று சேலையை இறுக்கிக்கொண்டாள். தெலுங்கில் வெட்கம். யாரும் வற்புறுத்தவில்லை. திரையில் கரும்புண் என்ற இடத்தில் இரண்டு பெட்டி: உண்டு, இல்லை. எல்லாப் பெட்டியையும் தட்ட நேரமில்லை என்று டாக்டர்கள் முன்பே குறைப்பட்டதால், 'இல்லை' தானாகவே நிரம்பியிருக்கும்படி நான் வைத்திருந்தேன். பட்டியல் வந்தது. டெங்கு முதலில், டைஃபாய்டு அடுத்து, உண்ணிக் காய்ச்சல் ஐந்தாவது. டாக்டர் ஒப்புதல் பொத்தானை அழுத்திவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார். நான்கு நாள் கழித்து, மூச்சு இளைக்கத் தொடங்கியபோது, உடம்பு துடைக்க வந்த ஆயாம்மாதான் இடது மார்புக்குக் கீழே அந்தக் கரும்புண்ணைப் பார்த்தாள். அதற்குப் பிறகு ஆறு நாள் வென்டிலேட்டர். பத்தொன்பதாம் நாள் வீட்டுக்குப் போனாள்.

விசாரணை நடந்தது. நர்ஸ், "கேட்டேன், மாட்டேன்னுட்டாங்க, டாக்டர்கிட்ட சொன்னேன்" என்றாள். உண்மை. இளம் டாக்டர், "நான் 'இல்லை'ன்னு போடலை" என்றார். உண்மை, அது ஏற்கெனவே அங்கே இருந்தது. டாக்டரம்மா, "கரும்புண் இல்லாமலும் இந்தக் காய்ச்சல் வரும்னு விதியில சொல்லியிருக்கேன்" என்றார். உண்மை. வார்டுப் பொறுப்பாளர், படுக்கைக்கு மேல் ஆள் இருந்ததைக் கணக்கோடு காட்டினார். நான், "கொடுத்த விவரத்துக்குப் பட்டியல் சரியாத்தான் வந்திருக்கு" என்றேன். அதுவும் உண்மை. வெளியே வரும்போது அலுவலக மூத்தவர் ஒருவர் ஆறுதலாகச் சொன்னார்: "விடும்மா, அவ விதி."

அந்தச் சொல் என்னை நிறுத்திவிட்டது. ஏழு மாதம் டாக்டரம்மாவோடு உட்கார்ந்து நான் எழுதியவற்றுக்கு நாங்கள் வைத்திருந்த பெயரும் விதிதான். அவள் நெற்றியில் யார் எழுதினார்களோ தெரியாது. திரையில் எழுதியது நான்.

கீதை பதினெட்டாம் அத்தியாயத்தில் ஒரு செயலுக்கு ஐந்து காரணங்கள் சொல்லப்படுகின்றன: செயல் நடக்கும் இடம், செய்பவன், கருவிகள், பலவகை முயற்சிகள், ஐந்தாவதாகத் தெய்வம். இவ்வளவு இருக்கத் தான் ஒருவனே செய்தேன் என்று நினைப்பவன் சரியாகப் பார்க்காதவன் என்கிறது. அகந்தைக்கு நல்ல மருந்து. ஆனால் அதே மருந்தை அந்த விசாரணை அறையில் ஊற்றினால் ஐவரும் விடுதலை. அதை நான் ஏற்கத் தயாராக இல்லை.

எனக்கு வழி கிடைத்தது திருப்பதியில் கேட்ட பழைய பாடத்திலிருந்து. 1980களின் கடைசியில் வேங்கடேசுவரா பல்கலைக்கழகத்தில் படித்தபோது கோவிந்தராஜர் கோயிலுக்குப் பக்கத்துத் தெருவில் குடியிருந்தேன். அந்தக் கோயிலை ராமானுஜர் ஏற்படுத்தியதாகச் சொல்வது வழக்கம். மலையடிவாரத்தில் திருமலை நம்பியிடம் அவர் ஓராண்டு ராமாயணப் பொருள் கேட்டதும் இந்த ஊரில்தான். வீட்டுக்காரர் ஓய்வுபெற்ற வாத்தியார். மின்சாரம் போன ராத்திரிகளில் திண்ணையில் உட்கார்ந்து ஸ்ரீபாஷ்யம் சொல்வார். எல்லாம் ஈசுவரன் செயல் என்றால் பாவம் யாருடையது என்று ஒருநாள் கேட்டேன். அதற்கு ராமானுஜர் சொன்ன பதிலை அவர் விளக்கினார். முதல் முயற்சி ஜீவனுடையது. அதைப் பார்த்து ஈசுவரன் அனுமதி தருகிறான்; அந்த அனுமதி இல்லாமல் காரியம் நடக்காது. அனுமதி தரும் அவனுக்கு அனுமந்தா என்று சொல். உதாரணமாக, இருவருக்குப் பொதுவான சொத்து. ஒருவன் அதை மூன்றாமவனுக்குக் கொடுக்க நினைக்கிறான். கூட்டாளி சம்மதிக்காமல் முடியாது. ஆனால் சம்மதத்தைக் கேட்டு வாங்கியவன் அவன்தானே? ஆகவே பலன் அவனுடையது. "நெலம் ரெண்டு பேருதுதாம்மா, ஆனா விக்கணும்னு மொதல்ல எழுந்தவன் யாரு, அதைப் பாரு" என்பார் வாத்தியார் மாமா.

விசாரணை முடிந்த ராத்திரி இந்த வாக்கியம் திரும்பி வந்தது. மொதல்ல எழுந்தவன் யாரு? எங்கள் வார்டில் முதலில் எழுந்தது பட்டியல். மனிதர் அதற்கு அப்புறம் வந்து ஒப்புதல் கொடுத்தார். ராமானுஜர் ஈசுவரனுக்குக் கொடுத்த இடத்தில் நான் இளம் டாக்டரை உட்காரவைத்துவிட்டேன். எல்லாம் அறிந்தவன் தரும் அனுமதி வேறு. ராத்திரி இரண்டு மணிக்கு ஒரு பொத்தான் வழியாக வரும் அனுமதி வேறு. முதலில் எழும் இடத்தையோ இயந்திரத்துக்குக் கொடுத்தேன். அதற்கு அந்த நிலத்தில் பங்கே கிடையாது. பயிர் கருகினால் அது பட்டினி கிடக்கப் போவதில்லை.

அதனால் இரண்டு மாற்றம் செய்தேன். முதலாவது: டாக்டர் தன் ஊகத்தை எழுதாமல் பட்டியல் திறக்காது. ஒரு நோயாளிக்கு அரை நிமிடம் கூடுதலாகிறது என்று சண்டை வந்தது. சிலர் 'காய்ச்சல்' என்று மட்டும் தட்டிவிட்டுத் தாண்டினார்கள். ஆனாலும் பலர் ஒரு கணம் நின்று நோயாளியின் முகத்தைப் பார்த்ததை நானே வார்டில் நின்று கண்டேன்.

இரண்டாவது, அந்தப் பெட்டி. எங்கள் திரை ஆங்கிலத்தில்தான் இருந்தது, ஆனால் எனக்கு அது விளங்கியது தமிழில். 'இல்லை' என்ற சொல்லில் ஆள் கிடையாது. நான் இல்லை, நீ இல்லை, புண் இல்லை, எல்லாவற்றுக்கும் ஒரே இல்லை. 'பார்த்தேன்' என்றால் அதன் வாலில் நான் நிற்கிறேன். அந்த ஏன் விகுதியை அறுத்துவிட்டு அந்தச் சொல்லைச் சொல்லவே முடியாது. ஆகவே இரண்டு பெட்டியை மூன்றாக்கினேன்: பார்த்தேன், உண்டு. பார்த்தேன், இல்லை. பார்க்கவில்லை. எதுவும் தானாக நிரம்பியிருக்காது. பார்க்கவில்லை என்று வந்தால், கரும்புண்ணை வைத்து எந்த நோயையும் கீழே இறக்கக் கூடாது என்று விதியையும் திருத்தினோம். அறியாமை வேறு, இன்மை வேறு. தர்க்கம் படித்த யாருக்கும் இது பாலபாடம். மைசினிலேயே 'தெரியாது' என்று பதில் சொல்ல இடம் இருந்தது. நான் அவசரத்தில் அதை விட்டிருந்தேன்.

இங்கே திருப்பதியைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். சுப்ரபாதம், தோமாலை, அர்ச்சனை போன்ற சேவைகளுக்குத் தேவஸ்தானம் இணையத்தில் பெயர் வாங்கி, கம்ப்யூட்டர் குலுக்கலில் ஆள் தேர்ந்தெடுக்கிறது. பெயர் விழுந்தவர்கள், "பெருமாள் கூப்பிட்டுட்டார்" என்கிறார்கள். என் சின்னம்மாவும் அப்படித்தான் சொன்னார், அழுதுகொண்டே. இதில் எனக்கு ஒரு மறுப்பும் இல்லை. கோயிலில் திருவுளச்சீட்டுப் போடுவது நம் பழைய வழக்கம். உத்திரமேரூரில் சோழர் காலத்தில் சபைக்கு ஆள் தேர்ந்ததும் குடவோலையில் சீட்டெடுத்துத்தான், எடுத்ததும் ஒரு சிறுவன். ஏன் சிறுவன்? அவனுக்கு யார் மேலும் அபிப்பிராயம் இல்லை. சீட்டு என்பது காலியான ஒன்று. மனித எண்ணம் எதுவும் அதில் இல்லாததால்தான் அந்தக் காலியிடத்தில் தெய்வத்தின் எண்ணம் வந்து அமரட்டும் என்று நம்மால் கைகூப்ப முடிகிறது. நான் கட்டிய பட்டியல் அப்படிப்பட்டதல்ல. அது டாக்டரம்மாவின் அபிப்பிராயங்களாலும் என் அவசரத்தாலும் விளிம்பு வரை நிரம்பியது. அது மூத்துப்போகவும் செய்யும்: கடுமையான உண்ணிக் காய்ச்சலுக்கு ஒரு மருந்தைவிட டாக்ஸிசைக்ளினும் அஸித்ரோமைசினும் சேர்த்துக் கொடுப்பது மேல் என்று, வேலூர் சி.எம்.சி.யும் வேறு பல இந்திய மருத்துவமனைகளும் சேர்ந்து நடத்திய ஆய்வு 2023இல் சொன்னது. எங்கள் பழைய விதியில் ஒரு மருந்துதான் இருந்தது. திரையில் வந்ததைத் திருவுளம் போல ஏற்பது சீட்டுக்குச் செய்யும் மரியாதையை விதிக்குச் செய்வது. இன்று வரும் இயந்திரங்களின் விதிகளை யாரும் உட்கார்ந்து எழுதுவதில்லை, லட்சக்கணக்கான பழைய பதிவுகளிலிருந்து அவையே எடுத்துக்கொள்கின்றன. அந்தப் பதிவுகளில் எத்தனை 'இல்லை', பார்க்காமலே விழுந்த 'இல்லை' என்று நினைத்தால் எனக்குத் தூக்கம் போகிறது.

காணிப்பாக்கத்தின் ஓரமாக ஓடும் ஆற்றுக்குப் பாஹுதா என்று பெயர். சங்கர், லிகிதர் என்று இரண்டு சகோதர முனிவர்கள். பசியில் லிகிதர் அண்ணன் தோப்பில் கேட்காமல் பழம் பறித்துத் தின்றுவிட்டார். அண்ணன், அரசனிடம் போய்ச் சொல் என்றார். லிகிதர் போனார். அரசன் தண்டிக்கத் தயங்கினான், லிகிதர் விடவில்லை. இரண்டு கையும் வெட்டப்பட்டன. பிறகு இந்த ஆற்றில் இறங்கியபோது கைகள் முளைத்தன, கை கொடுத்ததால் பாஹுதா. சின்ன வயதில் இதைக் கேட்கும்போது தண்டனைதான் பயமுறுத்தும். இப்போது வேறொன்று தெரிகிறது. யாரும் அவரைப் பிடித்து வரவில்லை. பறித்த கை தன்னுடையது என்று அவரே நடந்து போனார்.

ஓய்வு பெற்ற மாதத்தில் நான் காணிப்பாக்கம் போனேன். கூட்டம் சேருமுன், விடியற்காலை. என் மேல் புகார் கிடையாது, சத்தியத்துக்கு அழைத்தவரும் கிடையாது. முழுகி எழுந்து போய் நின்று, "ரெண்டே பெட்டி வெச்சது நான், 'இல்லை'ன்னு நிரப்பி வெச்சதும் நான்" என்றேன். பக்கத்தில் தேங்காய்த் தட்டோடு நின்றவர் திரும்பிப் பார்த்தார். சாமியிடம் சொல்வது அவ்வளவு கஷ்டமாக இல்லை. அதனாலேயே அது போதாது என்று தோன்றியது. அங்கிருந்து ஆட்டோ பிடித்து அவள் ஊருக்குப் போனேன்.

வேப்பமரத்தடியில் ஆட்டுக்குத் தழை கட்டிக்கொண்டிருந்தாள். என்னை அடையாளம் தெரியவில்லை; சொன்ன பிறகு பாய் போட்டு மோர் கொடுத்தாள். கம்ப்யூட்டர், பெட்டி, இல்லை என்று நிரம்பியிருந்தது, எல்லாவற்றையும் தெலுங்கில் சொன்னேன். மூன்று பெட்டியாக மாற்றியதையும் சொன்னேன். கையில் தழையோடு முழுதும் கேட்டாள். அப்புறம் தெலுங்கில் அவள் சொன்னதைத் தமிழில் எழுதுகிறேன்:

"அந்தப் புண்ணு அங்க இருக்குதுன்னு எனக்குத் தெரியும்மா. ஆசுபத்திரிக்கு வர்றதுக்கு மூணு நாள் முன்னாடியே பார்த்துட்டேன். துணி கழட்டுன்னு சொன்னாங்க. புண்ணு ஏதும் இருக்குதான்னு என்னை யாரும் கேக்கலயே."